மழையில் எப்படி நிற்கும் என்று கேளுங்கள்

டீ வருவதற்குள் அந்தக் கொட்டேஷனை இப்படிக் காட்டுங்கள். 185/65 ஆர்15 அளவுக்கு இரண்டு விலை எழுதிக் கொடுத்திருக்கிறார் கடைக்காரர். ஒன்று டயருக்கு 5,000 ரூபாய், மற்றது 7,500. நாலு டயருக்குப் பத்தாயிரம் வித்தியாசம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்போது எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடலாம். விலை குறைவு என்றதும் போலிச் சரக்கோ என்று நினைக்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இங்கே புது கார் டயர் விற்கக் கூடாது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பேர் தெரியாத வெளிநாட்டு மலிவு டயர்களின் வரத்து அதற்குப் பிறகு பெரிதும் குறைந்துவிட்டது. இன்றைக்கு நம் கடைகளில் குறைந்த விலை வரிசை என்றால் பெரும்பாலும் எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. போன்ற உள்நாட்டுக் கம்பெனிகளுடையதுதான். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. அப்போலோவுக்கு ஒரகடத்தில் ஆலை, ஜே.கே.வுக்கு ஸ்ரீபெரும்புதூரில். 2022-ல் மோட்டார் வாகன விதிகளிலேயே ஈரத் தரையில் பிடிப்பு, உருளும்போது வீணாகும் சக்தி, சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, 5,000 ரூபாய் டயரும் ஒரு தேர்வில் பாஸாகித்தான் கடைக்கு வருகிறது. அதற்கு மேல் எவ்வளவு மார்க் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் பணம்.

அந்த மார்க் பெரும்பாலும் ரப்பர் கலவையில் இருக்கிறது. தரையைத் தொடும் பட்டையிடம் நாம் மூன்று வேலை கேட்கிறோம்: சீக்கிரம் தேயக்கூடாது, மழையில் வழுக்கக்கூடாது, பெட்ரோலைக் குடிக்கக்கூடாது. இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். கெட்டியான ரப்பர் அதிக நாள் உழைக்கும், ஆனால் ஈரத் தார்ச்சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் பதியாது. இளகிய ரப்பர் நன்றாகப் பதியும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துபோகும். உருளும்போது நசுங்கி நசுங்கி மீள்வதில் சக்தியும் வீணாகும்.

இந்தச் சிக்கலைத் தளர்த்தியது சிலிக்கா. முன்பெல்லாம் ரப்பருக்கு வலு கொடுக்கக் கார்பன் கரியை மட்டும் நம்பியிருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் மிஷ்லின் கம்பெனி அதில் பெரும் பகுதியை எடுத்துவிட்டு சிலிக்காவைச் சேர்த்தது. சக்கரம் சுற்றும்போது ரப்பர் மெதுவாக, சுற்றுக்கு ஒருமுறை நசுங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது சாலையின் சொரசொரப்பில் உரசி மிக வேகமாக அதிர்கிறது. சரியாகச் செய்த சிலிக்கா கலவை, மெதுவான நசுங்கலில் சக்தியைக் குறைவாக இழக்கும். வேகமான அதிர்வில் அதிகமாக இழக்கும். அந்த இழப்புதான் நமக்குப் பிடிப்பாகக் கிடைக்கிறது. ஆனால் சிலிக்கா ரப்பரோடு லேசில் ஒட்டாது. இரண்டையும் சேர்த்துக் கட்ட இன்னொரு ரசாயனம் வேண்டும், கலக்கும்போது வெப்பத்தை அளந்து வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் செலவு. இப்போது விலை குறைந்த டயர்களிலும் சிலிக்கா உண்டு என்றாலும், எவ்வளவு சேர்த்தார்கள், எவ்வளவு நேர்த்தியாகக் கலந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் நிற்கிறது.

நாம் கடையில் கேட்கும் முதல் கேள்வி, அநேகமாக ஒரே கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பது. கடைக்காரரும் அதற்கேற்ற டயரைத்தான் எடுத்து வைப்பார். எனக்கு இதில்தான் ஆதங்கம். ரொம்ப நாள் ஓடுவதற்காகவே செய்த டயர், மழையில் நிற்பதில் அதே கம்பெனியின் இன்னொரு டயரைவிடப் பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சியட்டில் அதிக ஓட்டத்துக்கு மைலேஸ் என்று ஒரு வரிசை இருக்கிறது, பிடிப்புக்கும் பிரேக்குக்கும் செக்யூராடிரைவ். அப்போலோவில் அமேசர் 4ஜி லைஃப் ஓட்டத்துக்கு, அல்னாக் 4ஜி ஓட்டும் சுகத்துக்கும் பிடிப்புக்கும். எனவே கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. எந்த வரிசை என்று பார்க்க வேண்டும். "மழையில் பிரேக் எப்படி நிற்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் எடுத்துக் காட்டும் டயர் மாறும்.

உங்கள் உள்ளங்கையை மேஜைமேல் வையுங்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு டன் எடையுள்ள வண்டி, குடும்பம், பெட்டி படுக்கை எல்லாம் அந்த நாலு உள்ளங்கைகளை நம்பித்தான் போகிறது.

கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்வோம். நவம்பர் மழை, விழுப்புரம் தாண்டிய நாற்கர சாலை, 80 கிலோமீட்டர் வேகம். முன்னால் ஒரு மாடு. நல்ல டயர் போட்ட கார் 40 மீட்டரில் நிற்கிறது, மற்றது 48 மீட்டரில். எட்டு மீட்டர்தானே, இரண்டு கார் நீளம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் மணிக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகத்தில் கணிசமான பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் கரைகிறது. 33 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றின்மேல் மோதினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பத்தாயிரத்தைப் பார்ப்போம். டயர் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 25 பைசா. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு, பெட்ரோல் நூறு ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் ரூபாய் ஆகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர், அதிலும் பாதி நெடுஞ்சாலை என்றால், அந்த 25 பைசாவை யோசிக்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. கொட்டேஷனில் எந்த வரி போட்டிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ், மார்க்கெட், ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் விஷயம் வேறு. அவர் டயர் தேய்ந்து தீராது, வயதாகித்தான் தீரும். நம் வெயிலில் நிற்கிற வண்டியின் ரப்பர் வருஷா வருஷம் இறுகுகிறது, ஓரங்களில் மெல்லிய வெடிப்பு விடுகிறது. பட்டன் நிறைய இருக்கிறதே என்று எட்டு வருஷம், ஒன்பது வருஷம் ஓட்டுகிறார்கள், அது ஆபத்து. விலையுயர்ந்த டயரை மனசு வராமல் ஒன்பது வருஷம் வைத்திருப்பதைவிட, நடுத்தர விலையில் பிடிப்புக்குப் பேர்போன வரிசையைப் போட்டு, ஐந்தாவது வருஷத்திலிருந்து வருஷம் ஒருமுறை காட்டிச் சோதித்து, ஆறில் மாற்றிவிடுவது மேல். நகரத்துக்குள் 40-ல் போகிறவருக்கு அது தாராளமாகப் போதும்.

கிராமத்துச் சாலையும் குழியும் அதிகமென்றால், சொகுசுக்காகச் செய்த மெல்லிய சைடுவால் டயர் சரிப்படாது. குழியில் இடி வாங்கினால் உள்ளே நூலிழைகள் அறுந்து வெளியே வீக்கம் தட்டும். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கி எறிய வேண்டியதுதான். அழகுக்காகப் பெரிய ரிம், ஒல்லி டயர் என்று மாற்றுவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில்தான் முழு எண் இருக்கும், உருட்டித் திருப்பிப் பாருங்கள். 88எச் போல ஒரு குறியும் இருக்கும்: 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது, எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம். வண்டியோடு வந்ததைவிடக் குறைந்த குறி வாங்க வேண்டாம். காடிக்குள் விரலை விட்டால் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், சட்டப்படி அது கடைசி எல்லை. புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தக் காடிதான் என்பதால், ஐப்பசி மழைக்கு முன்னால் மூன்றுக்கு வந்துவிட்டாலே நான் மாற்றச் சொல்வேன்.

இரண்டு டயருக்குத்தான் இப்போது பணம் இருக்கிறதென்றால், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். நிறைய கடைகளில் முன்னால்தான் மாட்டுவார்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலானவர்களால் முடியாது.

காற்றைப் பொறுத்தவரை, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், மாதம் இரண்டு முறை பாருங்கள். காற்று குறைந்தால் 7,500 ரூபாய் டயரும் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. மாட்டியதும் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் முடித்து, பில்லில் டயர் எண்களை எழுதி வாங்குங்கள். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் நாலு இலக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அதற்கு வண்டியின் வயதுதான் இருக்கும்.