ஓட்டு மெஷினில் இடம் உண்டு, டிவி விவாதத்தில் இல்லை

திருப்பதி வாக்காளர்கள் மூன்று முறை அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளரை எம்.எல்.ஏ. ஆக்கியிருக்கிறார்கள். தேர்தல் கமிஷனின் விவாத மேடையோ அத்தகையவர்களை உள்ளே விடுவதில்லை. இது நியாயமா?

ஆரணி சீனிவாசுலு 2019-ல் சித்தூர் தொகுதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் வென்றவர். 2024 தேர்தலில் அவர் தொகுதியும் மாறினார், கட்சியும் மாறினார். நடிகர் பவன் கல்யாணின் ஜன சேனா வேட்பாளராகத் திருப்பதியில் நின்று, ஆளும் கட்சியை 60,000-க்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். இத்தனைக்கும் பிரசாரம் நடந்த நாட்களில், தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சிகளுக்குத் தரப்படும் இலவச நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கேட்க அவரது கட்சிக்கு விதிப்படி உரிமை இல்லை. காரணம், ஜன சேனா அப்போது பதிவு பெற்ற கட்சி மட்டுமே. அங்கீகரிக்கப்பட்ட கட்சி அல்ல.

அரசு ஊடகங்களில் கட்சிகள் பேசும் இந்த ஏற்பாடு 1977 லோக்சபா தேர்தலின்போது தொடங்கியது. 1998-ல் புதிய திட்டம் வந்தது. அதன்படி தேசியக் கட்சிகளுக்கும் அந்தந்த மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கும் அடிப்படை நேரம் சமமாகக் கிடைக்கும். சட்டசபைத் தேர்தலில் இது 45 நிமிடம். அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் நேரம், கடந்த தேர்தலில் வாங்கிய வாக்குகளைப் பொறுத்தது. இவை தவிர, பிரசார் பாரதி அதிகபட்சம் இரண்டு விவாத நிகழ்ச்சிகளை நடத்தலாம். தகுதியுள்ள ஒவ்வொரு கட்சியும் ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அங்கீகாரமில்லாத கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

அங்கீகாரத்துக்கு அளவுகோல் கடந்த தேர்தல்தான். உதாரணமாக, 6 சதவீத வாக்குகளுடன் சட்டசபையில் 2 இடங்கள் பெற்ற கட்சி தகுதி பெறும். இடமே கிடைக்காவிட்டாலும் 8 சதவீத வாக்குகள் போதும். 2019-ல் ஜன சேனா 6 சதவீதத்தைத் தொடவில்லை, ஒரே ஒரு இடத்தில்தான் வென்றது. 2024-ல் போட்டியிட்ட 21 சட்டசபைத் தொகுதிகளையும் 2 லோக்சபா தொகுதிகளையும் கைப்பற்றியது. 2025 ஜனவரியில் அங்கீகாரம் வந்தது. வாக்காளர்கள் தீர்ப்பு சொல்லி முடித்த பிறகுதான் கதவு திறந்தது.

திருப்பதிக்கு இது புதிதல்ல. 1982 மார்ச்சில் தெலுங்கு தேசத்தைத் தொடங்கிய என்.டி. ராமாராவ், 1983 ஜனவரித் தேர்தலில் திருப்பதியிலும் குடிவாடாவிலும் நின்று இரண்டிலும் வென்றார். பிறந்து பத்தே மாதமான கட்சி ஆட்சியைப் பிடித்தது. சிரஞ்சீவி 2008 ஆகஸ்டில் பிரஜா ராஜ்யத்தை அறிவித்ததே திருப்பதியில்தான். மறு ஆண்டு பாலகொல்லுவில் தோற்ற அவரைச் சட்டசபைக்கு அனுப்பியதும் திருப்பதிதான். 'கடந்த தேர்தல்' என்ற ஒன்றே இல்லாத கட்சிகளிடம் கடந்த தேர்தலின் மதிப்பெண் பட்டியலைக் கேட்கிறது விதி.

இதைக் காட்டியே, தடையால் யாருக்கும் நஷ்டமில்லை என்று வாதிடலாம். ஆனால் இந்தக் கட்சிகளின் தலைவர்களைப் பாருங்கள். மூவருமே சினிமா நட்சத்திரங்கள். அவர்களை அறிமுகப்படுத்த தூர்தர்ஷன் தேவைப்படவில்லை. என்.டி.ஆரின் சைதன்ய ரதம் போன இடமெல்லாம் கூட்டம் கூடியது. மேலும் 2024-ல் ஜன சேனாவின் கூட்டணிக் கட்சிகளான தெலுங்கு தேசத்துக்கும் பா.ஜ.க.வுக்கும் ஒலிபரப்பு உரிமை இருந்தது. புகழோ கூட்டணியோ இல்லாத ஆசிரியரும் விவசாயியும் என்ன செய்வார்கள்? 1989-ல் சித்தூரில் சி.கே. பாபு சுயேச்சையாக நின்று வென்றதுபோல உள்ளூர் செல்வாக்கு கைகொடுத்தால் உண்டு. இல்லையென்றால், அவர்கள் சொல்ல வந்ததைப் பக்கத்துத் தெரு தாண்டி யாரும் கேட்கப் போவதில்லை.

மறுதரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2021 ஏப்ரலில் நடந்த திருப்பதி லோக்சபா இடைத்தேர்தலில் 28 பேர் களத்தில் இருந்தார்கள். ஆளுக்கு 5 நிமிடம் என்றாலே 2 மணி 20 நிமிடம் ஆகும். 1996-ல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். அதே கணக்கில் அவர்கள் பேசி முடிக்க இரவு பகலாக மூன்றரை நாட்களுக்கு மேல் தேவை. எல்லோரையும் அழைத்தால் அது விவாதமாக இருக்காது, சந்தைக்கடையாகிவிடும். ஆனால் அதே ஆண்டு நல்கொண்டா லோக்சபா தொகுதியில் நின்ற 480 பேரில் பெரும்பாலோர் பொழுதுபோகாமல் நின்றவர்கள் அல்ல. ஃப்ளோரைடு கலந்த குடிநீரால் தங்கள் மக்கள் முடமாவதை நாட்டுக்குச் சொல்ல அவர்களுக்கு வேறு மேடை கிடைக்கவில்லை. அரசின் பதில், டெபாசிட்டை உயர்த்தியது. லோக்சபாவுக்கு 500 ரூபாயாக இருந்தது 10,000 ஆனது, இப்போது 25,000.

மற்ற நாடுகளும் இதே சிக்கலில் தவித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1992 ஜனாதிபதி தேர்தல் விவாதங்களில் கலந்துகொண்ட ராஸ் பெரோ சுமார் 19 சதவீத வாக்குகள் பெற்றார். 1996-ல் அவரை விவாதத்துக்கு அழைக்கவில்லை. வாக்குகள் பாதிக்கும் கீழே இறங்கின. 2000 முதல் கருத்துக்கணிப்புகளில் 15 சதவீத ஆதரவு வேண்டும் என்று விதி வந்தது. பிரான்ஸில் 2017 மார்ச்சில் ஒரு டிவி நிறுவனம் ஐந்து பேரை மட்டும் அழைக்க, கண்டனம் எழுந்தது. ஏப்ரலில் நடந்த அடுத்த விவாதத்தில் 11 வேட்பாளர்களும் நின்றார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இந்தியாவில் இந்தப் பாகுபாடு சின்னங்கள் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் வரை போனது. விஜயகாந்தின் தே.மு.தி.க. தொடர்ந்த வழக்கில், அங்கீகாரமுள்ள கட்சிக்கு மட்டுமே நிரந்தரச் சின்னம் என்ற விதி செல்லும் என 2012-ல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த நீதிபதி செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார்.

சின்னத்துக்குச் சொல்லும் நியாயம் விவாதத்துக்குப் பொருந்தாது. ஒரே சின்னத்தை இருவருக்குத் தர முடியாது. ஒரே மேடையில் இருவர் பேசலாம். வடிகட்டுவது அவசியம் என்றால் இன்றைய ஆதரவைப் பார்த்து வடிகட்டலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தொகுதிகளில் நிற்கும் பதிவு பெற்ற கட்சிகளுக்கு மாநில விவாதத்தில் ஒரு நாற்காலி தரலாம். தொகுதி வாக்காளர்களில் ஓரளவு பேரின் கையெழுத்தைத் திரட்டும் சுயேச்சைக்கு உள்ளூர் வானொலியில் சில நிமிடங்கள் தரலாம். திருப்பதியிலேயே வானொலி நிலையம் இருக்கிறது. தனியார் சேனல்கள் யாரை அழைப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஊடகம் அப்படி இருக்க முடியாது.

டெபாசிட் கட்டி, மனு ஏற்கப்பட்டு, மெஷினில் பெயரும் வந்துவிட்டால் ஒருவர் எம்.எல்.ஏ. ஆகத் தகுதியானவர் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. அவருக்கு ஓட்டுப் போடலாம், ஆனால் அவர் பேசுவதைக் கேட்க வேண்டாம் என்று வாக்காளரிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?