சோழகங்கமும் ஏரி வாரியமும்

ரெட்டிபாளையம் முதலிய ஊர்களைக் கொண்ட அரியலூர் வட்டாரம் இக்காலத்துச் சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்டு ஆலைகளாலும் அறியப்படுவது. அம்மாவட்டத்தின் கீழ்ப்பகுதியிலேயே, சோழர் தலைநகராய் ஏறத்தாழ 250 ஆண்டுகள் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரமும், பொன்னேரி என இன்று வழங்கும் சோழகங்கமும் உள்ளன. முதலாம் இராசேந்திரன் கங்கை வெற்றியின் நினைவாக அமைத்த இவ்வேரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலியன்ற வெற்றித்தூண் எனப் போற்றும். கோயில் 2004-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஏரி அப்பேறு பெற்றிலது. அந்நகரைப் புதுக்க எண்ணுவோர் முதற்கண் நோக்க வேண்டுவது ஏரியையே என்பது எம் கருத்து.

1855-இல் வெளிவந்த தென்னிந்திய விவரநூல் ஒன்று, ஏரிக்கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீண்டு கிடந்ததென்றும், கொள்ளிடத்தினின்று ஏறத்தாழ 60 மைல் நீளக் கால்வாயும் வெள்ளாற்றினின்று மற்றொரு கால்வாயும் நீர் கொணர்ந்தன என்றும் கூறுகின்றது. அப்பொழுதே ஏரி பாழ்பட்டு, அதன் உட்பகுதி காடாகிவிட்டது. படையெடுப்பால் கரை அழிந்தது என்பது ஊரார் வழக்கு. ஆயின் 60 மைல் கால்வாயைப் பேணும் அதிகாரம் சிதறின், படை ஒன்றும் வாராமலே ஏரி தூர்ந்துவிடும். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது இக்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. அக்கீழணையினின்று வடவாற்றின் வழியே நீர் பெறும் வீராணம், முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயண ஏரி, இன்றும் வாழ்கின்றது. ஒரு சோழ நகரின் கல் மற்றொரு சோழ ஏரிக்கு நீரூட்டுகின்றது!

ஏரிகளை ஊரார் கூடிப் பேணிய வழக்கத்தைக் 'குடிமராமத்து' என்கின்றோம். மராமத்து அரபு மூலமுடைய சொல். ஆதலின் அத்தொடரைச் சோழர் காலத்திற்கு ஏற்றுதல் பொருந்தாது. அக்காலச் சொல் 'வாரியம்'. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெயரளவினதன்று. மராமத்து பழுதுபார்க்கும் உழைப்பைச் சுட்டும். வாரியமோ மேற்பார்க்கும் உரிமையைச் சுட்டும். 921-ஆம் ஆண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டின்படி, 30 குடும்புகளினின்று குடவோலையாற் தெரியப்பெற்றோருள் அறுவர் ஏரி வாரியமாய் 360 நாள் பணிபுரிந்தனர். கணக்குக் காட்டாதார் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அது பிரமதேயச் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையாரே அதனுட் புகலாம். அதனை முழுக் குடியாட்சி என வியப்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

சென்னை மாகாணத்தின் 1858-ஆம் ஆண்டு முதற் சட்டம், உடைப்பு அடைக்க வர மறுத்த குடிகளை ஒறுக்க வழிசெய்தது. உரிமை நீங்கிற்று, உழைப்பு மட்டும் கடமையாய் எஞ்சிற்று. 2017-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் பணியை ஒப்படைத்தது. எனினும் பணி முடிந்தபின் நீரை ஆளும் உரிமை யாருடையது என்பதை அது தீர்த்திலது.

சோழகங்கத்தைச் சீரமைப்பதாக 2025-இல் அரசு அறிவித்தது. தூர் அகற்றுதல் பொறிகளால் இயலும். வரத்துக்காலை யார் காப்பது, மதகை எப்பொழுது திறப்பது, கணக்கை எவரிடம் காட்டுவது என்பன பொறிகளால் முடியா. அவற்றை முடிவுசெய்யும் உரிமை ஆயக்கட்டு ஊர்களுக்கு எழுத்தால் அளிக்கப்படல் வேண்டும். நிலமுடையார்க்கே அன்றி, அங்கு உழுவார், மீன்பிடிப்பார் அனைவர்க்கும் அதில் இடம் இருத்தல் வேண்டும்.