நிலத்துக்கு நான்கு கேள்விகள்

பி.எஸ்சி. வேளாண்மை முடித்த மகனோ மகளோ, மேற்கொண்டு 'வளங்குன்றா வளர்ச்சி' படிக்கப் போவதாகச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு. உழவியல் என்றால் தெரியும். பூச்சியியல் என்றால் தெரியும். இது எதில் சேர்த்தி? மண், தண்ணீர், பொருளாதாரம், சட்டம், மக்கள் வழக்கம் எல்லாவற்றையும் ஒரே முதுநிலைப் படிப்பில் படிப்பதாகச் சொல்கிறார்கள். கட்டணம் கட்டிப் படித்து வந்தால் வேலை கிடைக்குமா என்பது ஒரு கேள்வி. அந்தப் படிப்பால் நிலத்துக்கு என்ன லாபம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால் முதலாவதும் ஓரளவு விளங்கும்.

இன்றைய தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக் கொள்ளும்போது, வரும் தலைமுறையின் தேவைக்கு வழியில்லாமல் செய்துவிடக் கூடாது. 1987-ல் நார்வே பிரதமர் புருந்த்லாண்ட் அம்மையார் தலைமையில் அமைந்த உலகக் குழு வளங்குன்றா வளர்ச்சிக்குக் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுவே. ஆனால் ஒரு துறை அறிவு மட்டும் வயலுக்குப் போதாது என்பது அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு கொக்கோத் தோட்டத்தில் தெரிந்து விட்டது.

பொள்ளாச்சிப் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராக விவசாயிகள் அறிந்த அதே கொக்கோதான். 1960களின் தொடக்கத்தில், இன்று மலேசியாவில் உள்ள சபா பகுதியில், காட்டை வெட்டி இதைப் புதிதாக நட்டிருந்தார்கள். தண்டையும் கிளையையும் துளைப்பான்கள் தாக்கின. டி.டி.டி. உள்ளிட்ட கடுமையான மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். துளைப்பான் குறையவில்லை, இலை தின்னும் புழுக்களும், கூடு கட்டி அதற்குள் இருந்தபடியே இலையைத் தின்னும் பைப்புழுவும் புதிதாக வந்து சேர்ந்தன. அங்கு பூச்சியியல் அலுவலராக இருந்த கோர்டன் கான்வே என்ற ஆங்கிலேய இளைஞர், தெளிப்பை நிறுத்தச் சொன்னார். பயிர் அழிந்து கொண்டிருக்கும்போது மருந்தை நிறுத்தச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

மருந்து நின்றதும், அதுவரை மடிந்து கொண்டிருந்த ஒட்டுண்ணிக் குளவிகள் திரும்பி வந்து கிளைத் துளைப்பானையும் புழுக்களையும் கட்டுப்படுத்தின. தண்டைத் துளைத்த பூச்சிக்கு வேறு காரணம் இருந்தது. வெட்டிய காட்டில் தானாக முளைத்த ஒரு மரத்தில் அது பெருகி, அங்கிருந்து கொக்கோவுக்கு வந்தது. அந்த மரத்தை அகற்றியதும் அதுவும் குறைந்தது. பைப்புழுவுக்கு மட்டும், குளவிகளை அதிகம் பாதிக்காத ஒரு மருந்து தேவைப்பட்டது. மருந்துக் கடையில் புட்டியைக் கேட்கும் முன் வரப்பில் நிற்கும் மரத்தைப் பார்க்க வேண்டும் என்பதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? பூச்சியியலா, வனவியலா?

இந்த அனுபவம் பெற்ற கான்வே 1970களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் தொழில்நுட்ப மையத்தை உருவாக்குவதில் முன்னின்றார். பல துறை பயின்றவர்களை ஒன்றாக உட்கார வைத்து முதுநிலைப் படிப்பு நடத்தும் மையம் அது. அதே காலத்தில் வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. பாசன வசதி பெற்ற பள்ளத்தாக்கில் முப்போகம் எடுப்பதற்கான முறைகளை அறிஞர்கள் வகுத்திருந்தார்கள். விவசாயிகள் அவற்றைப் பெரிதாக ஏற்கவில்லை. விசாரித்தால், நெல்லுக்குப் பின் எதைப் போடுவது என்று அவர்களே பல பயிர் வரிசைகளைக் கண்டு நடத்திக் கொண்டிருந்தார்கள். படித்தவர்களுக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான். மண்ணியலார், உழவியலார், பொருளியலார், சமூகவியலார் அனைவரும் கான்வேயுடன் ஒன்றாக உட்கார்ந்து, பள்ளத்தாக்கை ஒரே படமாகப் பார்க்க முனைந்தார்கள். அந்த ஆய்வு 1980-ல் நூலாக வெளிவந்தது.

அந்த முயற்சியில் உருவானவைதான் நான்கு கேள்விகள். எவ்வளவு விளைகிறது? ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் எவ்வளவு? வறட்சியோ, கடனோ, உவர்ப்போ தாக்கினால் மீண்டு எழுமா? விளைந்ததன் பலன் யார் யாருக்குப் போகிறது? பயிற்சிக் கூட்டங்களில் பெரும்பாலும் முதல் கேள்வியோடு பேச்சு முடிந்து விடும்.

ஆழ்துளைக் கிணற்றை எடுத்துக் கொள்வோம். எண்ணூறு அடி போட்டு வாழை வைத்தவருக்கு முதல் இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் கிடைக்கிறது. பருவமழை தவறினாலும் தார் வெட்டுகிறார். மூன்றாவது கேள்வியில் தடுமாற்றம். நீர்மட்டம் இறங்கினால் அவரே ஆயிரம் அடிக்குப் போக வேண்டும். நான்காவது கேள்விக்குப் பக்கத்துக் காட்டுக்காரரின் வற்றிய திறந்தவெளிக் கிணறு பதில் சொல்கிறது. அங்கு பாறையையும் பயிரையும் அறிந்தால் மட்டும் தீர்வு வராது. இலவச மின்சாரம், வங்கிக் கடன், வாழை விலை, ஊர்க் கட்டுப்பாடு இவற்றின் கணக்கையும் போட வேண்டும். வளங்குன்றா வளர்ச்சிப் படிப்பு கற்றுத் தர வேண்டியது இந்தக் கணக்கை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2009-ல் தொடங்கிய வளர்ச்சிப் பணிக்கான முதுநிலைப் படிப்பில் உடல்நலம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல், மேலாண்மை ஆகிய நான்கும் சேர்த்து வைக்கப்பட்டன.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்து, எதிலும் கை வைக்கத் தெரியாதவராகப் பிள்ளை திரும்பி வரலாம். ஆகவே முதலில் ஒரு துறையில் காலூன்றி விட்டு இதற்குப் போவது நல்லது. சேரும் முன் விசாரிக்க வேண்டியவை சில: கிராமத்தில் எத்தனை மாதம் தங்கிப் படிக்க வேண்டும், புள்ளியியலும் கணக்கும் முறையாகச் சொல்லித் தருகிறார்களா, முந்தைய ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள். களப்பணி சில நாள் சுற்றுலாவாக இருந்தால் அந்தக் கட்டணத்தைக் கட்ட யோசிக்க வேண்டும். நீர்வடிப்பகுதித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் போன்றவற்றில் இப்படிப்பட்டவர்களுக்கு வேலை உண்டு. ஆனால் பட்டத்தின் பெயரைவிட, கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் தெரிகிறதா என்றுதான் அங்கு பார்ப்பார்கள்.

பிள்ளையை இதற்கு அனுப்பாதவர்கள் வீட்டு வாசலுக்கும் இந்தப் படிப்பு வந்து சேரும். தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்லி, ஏரி எங்கே, மேய்ச்சல் எங்கே, எந்த மாதம் வேலை இல்லை என்று மாணவர்கள் கேட்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சியாங் மாயில் வளர்ந்து, தாய்லாந்தின் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் 1985-ல் நடந்த சர்வதேச மாநாட்டில் பேசப்பட்டு, 1980களின் இறுதியில் குஜராத்தும் கர்நாடகமும் வழியாக இந்தியக் கிராமங்களில் பரவிய முறை அது. வேலை நாளில் அரை நாள் கூலியை விட்டுத்தான் விவசாயி அங்கு உட்காருகிறார். கூட்டம் முடிந்ததும் படத்தைத் தாளில் எழுதிச் சுருட்டிக் கொண்டு பேருந்து ஏறி விடுகிறார்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலகத்துக்குப் போகிறது. அடுத்த முறை அவர்கள் வரும்போது, படத்தின் ஒரு பிரதியையும், கண்ட முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாகவும் ஊராட்சி அலுவலகத்தில் வைத்து விட்டுப் போகச் சொல்லலாம். அதைக் கொடுக்க மாணவருக்கு ஒரு நாள் வேலைதான் ஆகும். ஏரி வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டது என்ற தகராறு கிராம சபைக்கு வரும்போது, அந்தத் தாள் கையில் இருக்கும்.