எல்லை வகுத்த நடுவர்

ஒரு நிலப்பகுதியை இரு தரப்பினர் தமதெனக் கோரும்போது மூன்றாம் தரப்பினரின் துணை நாடப்படுவதுண்டு. நெதர்லாந்தின் ஆட்சியிலிருந்த மேற்கு நியூகினியை ஐக்கிய நாடுகள் அவை 1962 அக்டோபர் முதல் 1963 மே வரை தானே நிருவகித்து, பின்னர் இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தது.

சித்தூர் மாவட்டத்தின் எல்லைச் சிக்கல் வேறு வகையில் தீர்க்கப்பட்டது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது, சென்னை மாநிலத்திலிருந்த இம்மாவட்டம் அதனுடன் சேர்க்கப்பட்டது. தமிழர் மிகுந்த பகுதிகளை மீட்க ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். இரு மாநில அரசுகளும் எச். வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் நிலத்தைத் தம் பொறுப்பில் ஏற்கவில்லை. தீர்வு வரும்வரை இருந்த ஆட்சியே தொடர்ந்தது. ஊரை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோரின் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் நோக்கி அவர் பரிந்துரை வழங்கினார். அதன் அடிப்படையில் இயற்றப்பட்ட சட்டம் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நீடித்தன.

எல்லை எங்கு அமைந்தாலும் இருபுறமும் சிறுபான்மை மொழியினர் எஞ்சுவர். அவர்தம் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்தல் வேண்டும் என்கிறது இந்திய அரசமைப்பின் 350-ஏ பிரிவு.