அம்பத்தூர் இப்போ சென்னை... 2011 கணக்கோடு 2027-ஐ அப்படியே ஒப்பிடலாமா?

2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் 46.46 லட்சம் பேர். இதில் அம்பத்தூரின் 4.66 லட்சம் பேர் கிடையாது. அப்போது அது திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி. 2018-ல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. அதனால் 2027 முடிவு வந்ததும் 'சென்னை மக்கள்தொகை எகிறிடுச்சு' என வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே நம்பிவிடாதீங்க. பழைய எண்ணையும் இன்றைய எல்லைக்கு ஏற்பக் கூட்டினால்தான் உண்மையான வளர்ச்சி தெரியும்.

இதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். பூட்டிய வீட்டை? எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர் பகலில் அறையில் இருக்கமாட்டார். ஊரிலும் பெயர் சேர்ந்தால் இரட்டைக் கணக்கு. இரண்டு இடத்திலும் விட்டால் அவர் கணக்கிலேயே இல்லை. 2011-ல் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக, பிறகு நடந்த சரிபார்ப்பு ஆய்வே சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் பயனாளிகள் எண்ணிக்கை முடிவானது அந்தக் கணக்கை வைத்துத்தான்.