பன்றிக் கொட்டகையின் லாபக் கணக்கு

பசு வைத்திருப்பவன் ஒரே கன்றுக்காக ஒன்பது மாதம் காத்திருக்க, பன்றி வைத்திருப்பவனோ 3 மாதம், 3 வாரம், 3 நாளில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகளைக் காண்கிறான் என்பதும், அந்தக் குட்டிகள் ஆறு மாத வயதுக்குள் ஏறக்குறைய 100 கிலோ எடைக்கு வந்து விலைபோகின்றன என்பதும், சொற்ப நிலமும் சொற்ப மூலதனமும் உடைய ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு இந்தத் தொழிலில் நாட்டம் உண்டாகப் போதுமான காரணங்கள்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இந்த நாட்டம் பெரிதாகப் பலித்த இடம், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த புக்கிட் பெலாண்டோக். பெரும்பாலும் சீனக் குடும்பங்கள் நடத்திய பண்ணைகள் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நின்றன. கொட்டகை கழுவவும், தீனி வைக்கவும், லாரியில் பன்றிகளை ஏற்றவும் கூலிக்குப் போனவர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள்.

இத்தொழிலில் செலவென்பது பெரும்பாலும் தீனிதான். நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கை அதுவே விழுங்கிவிடும். ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய மூன்று கிலோ தீனி வேண்டும். அந்தத் தீனிக்கான சோளமும் சோயாவும் கப்பலில் வருபவை. ஆகையால், 1997-இன் பொருளாதார நெருக்கடிக்கு முன் இரண்டரை வெள்ளியாக இருந்த அமெரிக்க டாலர், 1998 செப்டம்பரில் 3.80 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டபோது, அந்த ஏற்றத்தின் பாரம் கொட்டகைக்குள்ளும் வந்து இறங்கியது.

அதே 1998 செப்டம்பரில்தான் ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிய அதிகாரிகள் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த வியாதி குழந்தைகளை விட்டுவிட்டு, பன்றியைத் தொட்டுப் புழங்கிய பெரியவர்களையே தேடிப் பிடித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் அது விடவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், புக்கிட் பெலாண்டோக்கை அடுத்த கம்போங் சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து, அதுவரை உலகம் அறியாத ஒரு கிருமியைக் கண்டெடுத்தார். நிப்பா என்று அதற்குப் பெயர் வந்தது.

அதன் பிறப்பிடம் பழந்தின்னி வௌவால். லாபத்தைச் சற்றுக் கூட்டுவதற்காகக் கொட்டகையோரம் மாமரம் முதலிய பழமரங்களையும் வளர்ப்பது ஈப்போப் பக்கத்து வழக்கம். இரவில் வந்த வௌவால் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழ, பன்றி அதைத் தின்றதில் தொடங்கியது இந்த விபரீதம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். இதில் கவனிக்கவேண்டிய விஷயம் என்னவென்றால், நோய்கண்ட பன்றிகளில் பெரும்பாலானவை சாகவில்லை. காய்ச்சல் கண்டு, தொலைவிலேயே கேட்கும்படியாக நாய் குரைப்பதைப்போல் இருமிவிட்டுத் தேறிக்கொண்டன. பன்றி சாகாதவரை உடையவனின் கணக்கில் நஷ்டம் ஏறுவதில்லை. கூலிக்காரனின் மூச்சில் ஏறிய நஷ்டமோ எந்தக் கணக்கிலும் இல்லை. பீதி பரவியதும் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் சிலர் கிடைத்த விலைக்குப் பன்றிகளைத் தள்ளிவிட, லாரிகள் அவற்றைத் தெற்கே கொண்டுவந்தன. சிரம்பானுக்கு அருகே சிக்காமட்டிலும், பிறகு புக்கிட் பெலாண்டோக்கிலும் வியாதி இறங்கியது.

265 பேர் நோயுற்றதில் 105 பேர் மாண்டார்கள். கிராமங்கள் காலியாக, ராணுவம் வந்து கொட்டகை கொட்டகையாகப் பன்றிகளைச் சுட்டது. நாடு முழுவதும் ஏறக்குறைய 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. 1,885 ஆக இருந்த பண்ணைகள் 829 ஆகக் குறைந்தன. பல தலைமுறைச் சம்பாத்தியம் சில வாரங்களில் குழிக்குள் போயிற்று.

இதனால் சிறு பண்ணையே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே விடும் தூரம், பழமரமில்லாத கொட்டகையோரம், புதிதாக வந்த பன்றியைத் தனியே கட்டிவைக்கும் பொறுமை ஆகிய இவற்றையும் செலவென்று எழுதிய பிறகு எஞ்சுவதுதான் உண்மையான லாபம். சாப்பாட்டுக் கடையின் எச்சில் சோற்றை வேகவைக்காமல் போட்டுத் தீனிச்செலவை மிச்சம் பிடிப்பவர்கள், 2021-இல் சபாவில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலை நினைத்துப் பார்க்கவேண்டும். அது மனிதனைத் தொடாது என்றாலும், நுழைந்த கொட்டகையில் பன்றிகளை ஏறக்குறைய முழுதுமாக அழித்துவிடக் கூடியது, எச்சில் உணவின் வழியாகவும் பரவக் கூடியது.

தோட்டத்து வேலை குறைந்துபோன இந்நாளில் கொட்டகைக் கூலிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்குங்கள். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி முதலாளி உங்கள் பெயரைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிந்து சந்தா கட்டுகிறாரா என்பதை, முதல் மாதச் சம்பளம் வாங்கும் அன்றே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.