கைப்பேசித் திரையின் மேல்விளிம்பு

குறிகட்டுவான் இறங்குதுறையிலே நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்கும் ஒருவரை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். உச்சிப்பொழுது, கடலும் வானும் ஒளியை வாரி இறைக்கின்றன. நேரம் என்ன, கைப்பேசியின் மின்கலத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்னும் இரண்டையும் அவர் அறிய வேண்டும். கைப்பேசியை எடுத்துப் பார்க்கின்றார். அதிலே திறந்திருக்கும் செயலியின் பக்கம் தூய வெண்மை. அதன் உச்சியில் மணியையும் மின்கலத்தின் அளவையும் காட்டும் குறிகளும் வெண்மை. குறிகள் அங்கே உள்ளன. ஆயினும் கண்ணுக்குப் புலப்படவில்லை. அண்மையில் அவ்வாறு நின்றவன் நானே. மின்கலம் ஓய்ந்துவரும் நிலையை அறியாமற் படகேறியதால், தீவில் என்னை எதிர்கொள்ள வந்தவருக்கு ஒரு சொல்லும் அறிவிக்க இயலாமற் போயிற்று.

இச்சிறு குறை எவ்வாறு நேர்கின்றது? அதனை நீக்கும் வழி யாது? இவ்விரண்டுமே இன்றைய பேச்சின் பொருளாம்.

மணி, அலைத்தொடர்பு, மின்கலம் முதலியவற்றைக் காட்டும் அவ்வொடுங்கிய இடத்தை நிலைப்பட்டை என்பர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். கூரையிட்ட அந்த வாயில் வீட்டுக்காரர் அமைத்தது. அதன் நிழலோ வழிப்போக்கருக்கும் உரியது. நிலைப்பட்டையும் அத்தகையதே. அதிலுள்ள குறிகளை எழுதுவது கைப்பேசியின் இயங்குதளம். அவற்றின் பின்னே தோன்றும் நிறத்தைத் தருவது செயலி. எழுதுபவர் ஒருவர், சுவர் தருபவர் வேறொருவர். சுவரின் நிறத்தை எழுதுபவருக்கு அறிவியாவிடின் எழுத்து மறைந்துபோகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முன்னாளில் இத்தொல்லை பெரிதாக இருந்ததில்லை. நிலைப்பட்டைக்குத் தனிப் பின்னணி இருந்தது. செயலியின் பக்கம் அதன் கீழேயே தொடங்கிற்று. 2013இல் வெளிவந்த ஐபோனின் ஏழாம் இயங்குதளம் அப்பட்டையைக் கண்ணாடிபோல் ஆக்கிற்று; செயலியின் நிறம் அதனூடே தெரியலாயிற்று. 2014இல் அன்ட்ரொயிட்டின் ஐந்தாம் பதிப்பு, பட்டையின் நிறத்தைச் செயலியே தீர்மானிக்க இடமளித்தது. ஆனால் குறிகள் வெண்மையாகவே நின்றன. அவற்றைக் கருமையாக்கும் வசதி 2015இல், ஆறாம் பதிப்பிலேயே கிடைத்தது. 2024இல் வந்த பதினைந்தாம் பதிப்போ, தன்னை நோக்கி ஆக்கப்படும் செயலிகளின் பக்கம் பட்டையின் அடிவரை விரிந்தே தீரும் என விதித்தது. ஆகவே இப்பொறுப்பிலிருந்து செயலி ஆக்குவோர் விலகி நிற்றல் இனி இயலாது.

ஒரு செயலியிலே பல திரைகள் உண்டு. நுழைவுத் திரை கருநீலமாக இருக்கலாம். பட்டியல் வெண்மையாக இருக்கலாம். மற்றொன்றில் நிழற்படம் நிறைந்திருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை இடுவதே பெரும்பாலான குறைகளுக்கு மூலம். அந்தந்தத் திரையின் நிறத்தை அறிந்தது அந்தந்தத் திரையே. எனவே தீர்ப்பும் அதனிடமே இருத்தல் வேண்டும்.

இதிலே ஐபோனின் முறை ஒன்று. அன்ட்ரொயிட்டின் முறை வேறு. ஐபோன் ஒவ்வொரு திரையையும் பார்த்து, ‘குறிகள் ஒளிநிறமாக வேண்டுமா, இருணிறமாக வேண்டுமா?’ என வினவும். திரைக்குரிய நிரற்பகுதி அதற்கு விடை தரும். இடையிலே பின்னணி மாறினால், ‘மீண்டும் கேள்’ என்று திரை அறிவித்தல் வேண்டும். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. பல திரைகளை அடுக்கி நடத்தும் தலைமைப் பகுதி, தன் தலைப்புப் பட்டையைக் காட்டும்போது, உள்ளிருக்கும் திரையைக் கேளாமல் தானே விடையிறுத்துவிடும். ‘என் விடையை ஏன் ஏற்கவில்லை?’ எனப் புதிதாகப் பழகுவோர் மயங்குவது இவ்விடத்திலேதான். வினாவை உள்ளிருக்கும் திரைக்கு அனுப்புமாறு தலைமைப் பகுதிக்குக் கற்பித்துவிட்டால் மயக்கம் தீரும்.

அன்ட்ரொயிட்டு வினவுவதில்லை, செயலி இட்ட கட்டளையைச் சாளரத்தில் வைத்துக்கொள்ளும். ஒரே சாளரத்தில் பல திரைகள் மாறி மாறித் தோன்றுமாயின், முதல் திரை இட்ட கட்டளை அடுத்த திரையிலும் நிலைத்து நிற்கும். நிழற்படத் திரைக்காகக் குறிகளை வெண்மையாக்கிவிட்டு, மீளும்போது பழைய நிலைக்குக் கொணராவிடின், வெண்பக்கத்தில் வெண்குறி எஞ்சும். இறங்குதுறையில் நான் கண்டதும் இதுவாகவே இருக்கக்கூடும். ஒவ்வொரு திரையும் தோன்றும்பொழுதே தன் தேவையைச் சொல்லிவிடுமாறு அமைப்பதே பாதுகாப்பான வழி.

நிழற்படம் பின்னணியாயின் ஒரு பகுதி வெளிறியும் ஒரு பகுதி இருண்டும் இருக்கும். அப்போது உச்சியில் மெல்லிய நிழற்படலம் ஒன்றை விரித்து, வெண்குறிகளை அதன்மேல் நிறுத்தலாம். முழுத்திரையில் ஒளிப்படக்காட்சி ஓடும் வேளையில் பட்டையை மறைத்தலும் தகும். காட்சி முடிந்ததும் அதனைத் திரும்பத் தருதல் கடமை.

இனி, குறி தெளிவாகத் தெரிகின்றதா என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. வலைத்தள நெறிகளை வகுக்கும் உலக அமைப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்னும் அளவிலேனும் இருத்தல் வேண்டும் என்கின்றது. கருமைமேல் வெண்மை 21க்கு 1. வெண்மைமேல் வெண்மை 1க்கு 1. தூய மஞ்சள்மேல் வெண்மையும் ஏறத்தாழ அதே நிலைதான்.

இன்று நம் குடாநாட்டிலும் இளைஞர் பலர் செயலிகளை ஆக்குகின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிரூட்டிய அறையிற் சரிபார்த்ததோடு அமையாதீர்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வாருங்கள். வெளிர்நிறத் தோற்றத்திலும் இருணிறத் தோற்றத்திலும் ஒவ்வொரு திரையையும் திறந்து, மூடி, மீண்டு வந்து பாருங்கள். மணி தெரிகின்றதா? மின்கலத்தின் அளவு தெரிகின்றதா? அவை உங்கள் செயலியின் உறுப்புகள் அல்ல என்பது உண்மையே. ஆயினும் படலையின் நிழலில் ஒதுங்குபவர் நம் வீட்டார் அல்லர் என்பதற்காக, அங்கே தண்ணீர்ப்பானை வையாது விட்டனரா நம் முன்னோர்?